முன்னோடித் திட்டங்களும் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தமும்: நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

மருத்துவக் காப்பீட்டிலோ பொதுச் சுகாதாரச் சேவையிலோ பெரிய மாற்றம் ஒன்றைக் கொண்டுவரும் முன், அரசு அதைச் சில வட்டாரங்களில் மட்டும் செயல்படுத்திப் பார்ப்பதுண்டு. அதன் பயனை அளவிட வீடு வீடாகக் கணக்கெடுப்பும் நடத்தப்படும். முன்னது முன்னோடித் திட்டம்; பின்னது மதிப்பாய்வு. இவை இரண்டிற்கும் பொதுநிதியிலிருந்து பணம் ஒதுக்கப்படுகிறது.

தென்காசி வட்டாரத்தில் நோயாளிகளும் அவர்களுடன் வருவோரும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இரண்டு. "காப்பீட்டு அட்டை இருந்தும் மாத்திரைக்கு ஏன் கையிலிருந்து பணம் செலவாகிறது?" என்பது முதற்கேள்வி. "கணக்கெடுப்பு என்று வந்து நூறு கேள்வி கேட்கிறார்கள், அதனால் எங்களுக்கு என்ன பயன்?" என்பது இரண்டாவது. இவ்விரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. அந்தத் தொடர்பை இப்பக்கம் விளக்குகிறது.

இன்றுள்ள காப்பீடு எவ்வாறு உருவானது?

தமிழ்நாட்டில் உயிர்காக்கும் உயர் சிகிச்சைகளுக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம் 2009 ஜூலையில் தொடங்கப்பட்டது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரி 11 முதல் நடைமுறைக்கு வந்தது. 2018 செப்டம்பரில் அது ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டத்துடன் ஒருங்கிணைக்கப்பட்டது. குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்னும் வரம்பு அப்போது வந்ததாகும். தகுதிக்கான ஆண்டு வருமான உச்சவரம்பு தொடக்கத்தில் 72,000 ரூபாயாக இருந்து, பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

2022 ஜனவரி 11 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் பிரிமியம். ஆண்டொன்றுக்கு மொத்தம் ஏறத்தாழ 1,248 கோடி ரூபாய். ஏறக்குறைய 1.47 கோடிக் குடும்பங்களுக்கான தொகை இது. பயனாளிக் குடும்பம் பிரிமியம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை.

பணம் யாரிடமிருந்து வருகிறது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. இரு திட்டங்களும் இணைந்தபோது, முதல் 1 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சைத் தொகையைக் காப்பீட்டு நிறுவனமும், அதற்கு மேல் 5 லட்சம் வரையிலான தொகையை அரசே நேரடியாகவும் ஏற்பது என அமைக்கப்பட்டது. நாட்டின் பல மாநிலங்கள் காப்பீட்டு நிறுவனத்தை இடையில் வைக்காமல், அரசு அறக்கட்டளை வழியாகவே முழுத்தொகையையும் வழங்குகின்றன. இம்முறைகளில் எது சிக்கனமானது, எது நோயாளிக்கு விரைவாக அனுமதி தருகிறது என்பன சீர்திருத்த ஆய்வுகள் விடைகாண வேண்டிய கேள்விகளுள் முதன்மையானவை.

காப்பீடு எங்கே நின்றுவிடுகிறது?

இத்திட்டம் பெரும்பாலும் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. இதய அறுவை, புற்றுநோய்ச் சிகிச்சை, டயாலிசிஸ் எனப்படும் இரத்தச் சுத்திகரிப்பு போன்றவை இதில் அடங்கும். தனியார் மருத்துவரிடம் புறநோயாளியாகச் சென்று பெறும் ஆலோசனை, வெளி மருந்துக்கடையில் மாதந்தோறும் வாங்கும் மாத்திரை, போக்குவரத்துச் செலவு, நோயாளியுடன் தங்குபவர் இழக்கும் நாள்கூலி ஆகியவை இதில் அடங்கா.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். குற்றாலத்தில் ஐந்தருவிக்குச் செல்லும் சாலையோரம் பழக்கடை வைத்திருக்கும் ஒருவருக்கு நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இருப்பதாகக் கொள்வோம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான சாரல் காலத்தில் அவருக்கு வருமானம் உண்டு. கடையை விட்டு நகரவும் முடியாது. ஆதலால் மருத்துவமனைக்குச் சென்று மாத்திரை வாங்குவது தள்ளிப்போகிறது. சாரல் முடிந்ததும் நேரம் கிடைக்கிறது; ஆனால் வெளியில் மாத்திரை வாங்கக் கையில் பணம் குறைந்துவிடுகிறது. ஆண்டுகள் சில இவ்வாறு கழிந்தால் சிறுநீரகம் பழுதடையக்கூடும். அந்நிலையில் காப்பீட்டு அட்டை அவருக்குக் கைகொடுக்கும். டயாலிசிஸ் செலவை ஏற்கும். ஆனால் அந்நிலைக்கு அவர் வராமல் தடுத்திருக்கக்கூடிய மாத்திரைகளுக்கு அந்த அட்டையால் எதுவும் செய்ய இயலவில்லை.

அந்த மாத்திரைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையின்றிக் கிடைப்பவை. அவை கிடைக்குமிடம் அவர் வீட்டுக்கு அருகில் உள்ளதா, அவர் செல்லக்கூடிய நேரத்தில் திறந்திருக்கிறதா, மருந்து இருப்பில் உள்ளதா என்பவையே கேள்விகள். இவற்றுக்குக் காப்பீட்டு ஒப்பந்தத்தில் விடை இல்லை. ஆகவே காப்பீட்டைச் சீர்திருத்துவது என்றால் அட்டையின் வரம்புத் தொகையை உயர்த்துவது மட்டுமே என்று கருதுவது போதாது.

முன்னோடித் திட்டம் என்றால் என்ன? மதிப்பாய்வு என்றால் என்ன?

ஒரு புதிய மருந்தை அனைவருக்கும் கொடுக்கும் முன்பு சிலரிடம் சோதித்துப் பார்க்கிறோம். ஒரு சுகாதாரக் கொள்கையையும் அவ்வாறே ஓரிரு மாவட்டங்களிலோ ஒன்றியங்களிலோ நடைமுறைப்படுத்திப் பார்ப்பது முன்னோடித் திட்டம். அந்நடைமுறைக்கு முன்பும் பின்பும் மக்களின் நோய்நிலை, செலவு, எந்த மருத்துவமனைக்குச் செல்கிறார்கள் என்பது ஆகியவற்றை அளந்து, அந்நடைமுறை இல்லாத பகுதியுடன் ஒப்பிடுவது மதிப்பாய்வு. மதிப்பாய்வு இல்லாத முன்னோடித் திட்டம், இரத்தப் பரிசோதனை செய்யாமலே மாத்திரையின் அளவை மாற்றிக்கொண்டிருப்பதற்கு ஒப்பாகும்.

இவற்றுக்கான நிதி பல வழிகளில் வருகிறது. மாநில அரசின் வரவு செலவுத் திட்டம் ஒரு வழி. தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் ஆண்டுச் செயல்திட்டம் மற்றொன்று. இதில் ஒன்றிய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் ஏற்கின்றன. உலக வங்கிக் கடன் மூன்றாவது. 2019-இல் தமிழ்நாடு சுகாதாரச் சீரமைப்புத் திட்டத்துக்கு உலக வங்கி 287 மில்லியன் டாலர் கடனளிக்க ஒப்புக்கொண்டது. அதன் சிறப்பு, செய்த செலவுக்காக அன்றி, அடைந்த முடிவுகளுக்கேற்பவே நிதி விடுவிக்கப்படும் என்பதாகும். முடிவை அளக்காமல் பணம் பெற இயலாது என்பதால், அளவீடு தவிர்க்க முடியாத பணியாயிற்று.

தமிழ்நாட்டில் முன்னோடித் திட்டங்கள் என்ன செய்திருக்கின்றன?

இன்று அரசு மருத்துவமனைகளில் இரத்த அழுத்தம், சர்க்கரை, கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆகியவற்றுக்கான பரிசோதனை வழக்கமாக நடைபெறுகிறது. இது தொடக்கத்திலிருந்தே எல்லா மாவட்டங்களிலும் இருந்ததன்று. தமிழ்நாடு சுகாதார அமைப்புத் திட்டத்தின் கீழ் 2007-இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் உயர் இரத்த அழுத்தக் கண்டறிதலும் முன்னோடியாகத் தொடங்கப்பட்டன. அங்குப் பெற்ற பட்டறிவைக் கொண்டே 2012 முதல் மாநிலம் முழுவதற்கும் அவை விரிவாக்கப்பட்டன. இன்று தென்காசியில் ஒரு பெண் கட்டணமின்றிப் பெறும் கருப்பைவாய்ப் பரிசோதனைக்குப் பின்னால், அன்று தேனியிலும் தஞ்சாவூரிலும் முதன்முதலாகப் பரிசோதனைக்கு முன்வந்த பெண்களின் ஒத்துழைப்பு இருக்கிறது.

அடுத்து, 2017-இல் அனைவருக்கும் நலவாழ்வு என்னும் நோக்குடன் மூன்று வட்டாரங்களில் ஒரு முன்னோடித் திட்டம் நடைபெற்றது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சூளகிரி, புதுக்கோட்டை மாவட்டத்தின் விராலிமலை, பெரம்பலூர் மாவட்டத்தின் வேப்பூர் ஆகியவை அவை. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆய்வாளர்கள் வடிவமைப்பிலும் மதிப்பாய்விலும் பங்கேற்றனர். அங்கு புதிய காப்பீட்டு அட்டை எதுவும் வழங்கப்படவில்லை. மாறாக, கிராமத்திலுள்ள துணை சுகாதார நிலையங்கள் வலுப்படுத்தப்பட்டன. கூடுதல் செவிலியர், தொற்றா நோய்களுக்கான மருந்துகள், அடிப்படைப் பரிசோதனைகள் ஆகியவை அங்கேயே கிடைக்கச் செய்யப்பட்டன. அதுவரை தடுப்பூசிக்கும் கர்ப்பகாலக் கவனிப்புக்கும் மட்டுமே மக்கள் நாடிய துணை நிலையங்களுக்குப் பொதுவான நோய்களுக்கும் அவர்கள் வரத் தொடங்கினர். தனியார் புறநோயாளிச் சிகிச்சையை நாடுவோர் குறைந்தனர். கையிலிருந்து செய்யும் செலவும் குறைந்தது. சிறிய நிலையமாயினும் மருந்தும் ஆளும் நிலையாக இருந்தால் மக்கள் அங்கு வருவார்கள் என்பது இதனால் தெளிவாயிற்று.

மூன்றாவதாக, 2020-இல் உலக சுகாதார நிறுவனத்தின் 'ஸ்டெப்ஸ்' முறையைப் பின்பற்றி மாநில அளவிலான தொற்றா நோய்க் கணக்கெடுப்பு நடத்தப்பட்டது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும், நீரிழிவு உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுப்பாட்டில் இருப்பதாக அது காட்டியது. பல ஆண்டுகளாகக் காப்பீட்டுத் திட்டமும் மருத்துவக் கட்டமைப்பும் சிறந்து விளங்கும் மாநிலத்தில் வந்த எண்கள் இவை. மருத்துவமனைக்கு வருபவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த உண்மை ஒருபோதும் புலப்பட்டிருக்காது. வராதவர்களின் வீட்டுக்குச் சென்று அளந்ததனால்தான் அது தெரிந்தது.

2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசேர்ப்பதும், இயன்முறை மருத்துவம், நோய் தணிப்புச் சிகிச்சை ஆகியவற்றை வீட்டில் வழங்குவதும் அதன் பணிகள். பின்னர் நடந்த இரண்டாவது 'ஸ்டெப்ஸ்' கணக்கெடுப்பில் இரத்த அழுத்தக் கட்டுப்பாடு 17 விழுக்காடாகவும், நீரிழிவுக் கட்டுப்பாடு 16.7 விழுக்காடாகவும் உயர்ந்திருந்தன.

இந்த எண்களை இருவகையாகப் படிக்க வேண்டும். முன்னேற்றம் உண்மையானது. அதே வேளையில், நோயுள்ள நூறு பேரில் எண்பதுக்கும் மேற்பட்டோருக்கு நோய் இன்னும் கட்டுப்பாட்டில் இல்லை. மேலும், இரு கணக்கெடுப்புகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் வேறு பல மாற்றங்களும் நிகழ்ந்தன. உயர்வு முழுவதையும் ஒரே திட்டத்தின் கணக்கில் எழுத இயலாது. அதைப் பிரித்தறியத்தான் ஒப்பீட்டுப் பகுதியுடன் கூடிய மதிப்பாய்வுகள் தேவைப்படுகின்றன.

அண்டை மாநிலங்களின் பாடம்

பிரிக்கப்படாத ஆந்திரப் பிரதேசம் 2007 ஏப்ரலில் ராஜீவ் ஆரோக்கியஸ்ரீ காப்பீட்டை முதலில் மூன்று பின்தங்கிய மாவட்டங்களில் தொடங்கி, அடுத்த ஆண்டே மாநிலம் முழுவதும் விரித்தது. விரைவாக விரித்ததால் மக்களுக்குப் பயன் விரைவாகக் கிடைத்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கத் திட்டம் இல்லாத மாவட்டம் எஞ்சவில்லை.

கர்நாடகம் வேறு வகையில் நடந்துகொண்டது. வாஜ்பாயி ஆரோக்கியஸ்ரீ திட்டம் 2010-இல் அம்மாநிலத்தின் வடபகுதியில் முதலில் தொடங்கியது. திட்டம் வந்த 300 கிராமங்களையும், எல்லைக்கோட்டின் மறுபுறம் திட்டம் இன்னும் வராத 272 கிராமங்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். 2014-இல் வெளியான அம்முடிவுகளின்படி, திட்டம் வந்த கிராமங்களின் ஏழைக் குடும்பங்களில் காப்பீட்டில் அடங்கிய நோய்களால் ஏற்படும் இறப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. மருத்துவமனைச் செலவில் கையிலிருந்து செலுத்தியது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இதயநோய், புற்றுநோய் போன்ற பெருநோய்களில் காப்பீடு உயிர் காக்கிறது என்பதற்கு இது வலுவான சான்று.

அதே கர்நாடகத்தில் பின்னர் நடந்த மற்றோர் ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. வறுமைக்கோட்டுக்கு மேலுள்ள ஏறத்தாழ 10,900 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்குத் தேசிய சுகாதாரக் காப்பீட்டுத் திட்ட அட்டை இலவசமாகவும், சிலருக்கு விலைக்கும் வழங்கப்பட்டது. இலவசமாகக் கிடைத்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 79 பேரும், விலைக்கு வாங்கும் வாய்ப்புப் பெற்றவர்களில் 60 பேரும் அதில் சேர்ந்தனர். ஆனால் அட்டை பெற்றும் பலரால் அதைப் பயன்படுத்த இயலவில்லை. பயன்பாடு காலப்போக்கில் குறைந்தது. உடல்நலத்தில் தெளிவான முன்னேற்றம் காணப்படவில்லை. அட்டையைக் கையில் கொடுப்பது வேறு, மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் அது செல்லுபடியாவது வேறு என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது.

பிற நாடுகளில்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2008-இல், ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் இடம் குறைவாக இருந்தமையால், விண்ணப்பித்த ஏறத்தாழ 90,000 பேரிடையே குலுக்கல் நடத்திச் சேர்த்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, காப்பீடு பெற்றவர்களின் மருத்துவக் கடன் சுமை குறைந்திருந்தது, மனச்சோர்வு குறைந்திருந்தது. ஆனால் இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை அளவு ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கர்நாடகத்திலும் ஓரிகனிலும் தமிழ்நாட்டிலும் கிடைத்த முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகிறது. காப்பீடு குடும்பத்தைக் கடனிலிருந்தும் பெருநோயின் தாக்குதலிலிருந்தும் காக்கும். நாட்பட்ட நோயைக் கட்டுப்படுத்துவது அருகில் தடையின்றிக் கிடைக்கும் மருந்தும் தொடர் கவனிப்புமே.

கனடாவின் வரலாறு இன்னொன்றைச் சொல்கிறது. அங்கு சஸ்காச்சுவான் மாகாணத்தின் ஸ்விஃப்ட் கரன்ட் என்னும் வட்டாரம் 1946-இல் தன் மக்கள் அனைவருக்கும் மருத்துவச் செலவை ஏற்கும் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு மாகாணம் முழுவதற்கும் மருத்துவமனைக் காப்பீடு வந்தது. 1962-இல் மருத்துவர்களின் சேவையும் அதில் அடங்கியது. 1966-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, இத்தகைய திட்டம் நடத்தும் மாகாணங்களுக்கு ஒன்றிய நிதி வழங்க முன்வந்தது. 1972-க்குள் எல்லா மாகாணங்களும் இணைந்தன. சிறிய வட்டாரம் ஒன்றில் தொடங்கியது நாடு முழுவதும் பரவக் கால் நூற்றாண்டு ஆயிற்று. மாநிலங்கள் செய்து பார்ப்பதும் ஒன்றிய அரசு நிதியால் துணைநிற்பதும் சேரும்போதே சீர்திருத்தம் நிலைபெறுகிறது.

ஆய்வுக்குப் பணம் செலவிடுவது வீணா?

"இந்தப் பணத்துக்கு மாத்திரை வாங்கலாமே" என்ற எண்ணம் இயல்பானது, நியாயமானதும் கூட. ஆனால் ஆண்டுக்கு 1,248 கோடி ரூபாய் பிரிமியம் செலுத்தும் திட்டத்தில், அந்தப் பணத்தால் யாருக்கு என்ன நன்மை ஏற்பட்டது, யார் விடுபட்டனர் என்று அளக்காமல் இருப்பதே பெரிய இழப்பாகும். நடப்பு ஒப்பந்தக் காலம் 2022 ஜனவரியிலிருந்து ஐந்து ஆண்டுகள். அதன்பின் வரும் ஏற்பாட்டில் எந்தச் சிகிச்சைகள் சேர்க்கப்பட வேண்டும், புறநோயாளி மருந்துகளுக்கு வழி உண்டா, காப்பீட்டு நிறுவனம் தேவையா, அரசு அறக்கட்டளை போதுமா என்பனவற்றைச் சான்றுகளின் துணையுடன் முடிவு செய்ய வேண்டுமானால், அச்சான்றுகள் முன்கூட்டியே திரட்டப்பட்டிருக்க வேண்டும். ஒப்பந்தம் முடியும் மாதத்தில் தொடங்கும் ஆய்வு எதற்கும் உதவாது.

தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, இந்தியாவின் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து செலவிடும் பங்கு 2013-14-இல் 64.2 விழுக்காடாக இருந்தது, 2021-22-இல் 39.4 விழுக்காடாகக் குறைந்தது. எஞ்சியுள்ள சுமை யார் மீது, எந்த நோயில், எந்த மாதத்தில் விழுகிறது என்பதை நாட்டுச் சராசரி சொல்லாது. அதனை மாவட்ட அளவிலான ஆய்வே சொல்லும்.

நல்ல முன்னோடித் திட்டத்தை எவ்வாறு அறிவது?

முதலாவதாக, தொடங்கும் முன்பே அடிப்படை அளவீடு செய்யப்பட்டிருக்க வேண்டும். பின்னர் நினைவிலிருந்து கேட்டுப் பெறும் எண்கள் நம்பத்தக்கவை அல்ல.

இரண்டாவதாக, சிறப்புக் கவனத்தால் மட்டும் வென்ற திட்டமா என்று பார்க்க வேண்டும். மூன்று வட்டாரங்களில் கூடுதல் செவிலியரையும் தடையற்ற மருந்தையும் தருவது எளிது. முந்நூற்றுக்கும் மேற்பட்ட வட்டாரங்களில் அவ்வாறு தருவது நிரந்தரப் பணியிடங்களையும் ஆண்டுதோறும் நிதியையும் கோருவது. முன்னோடிக் காலத்து நிதி முடிந்ததும் பணியாளர் குறைந்தால் மக்கள் மீண்டும் பழைய வழிக்கே திரும்புவர்.

மூன்றாவதாக, அந்தந்த இடத்தின் இயல்பு கணக்கில் வர வேண்டும். தென்காசி மாவட்டம் 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து உருவானது. உயர் சிகிச்சைக்குப் பலர் இன்றும் பாளையங்கோட்டையிலுள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே செல்கின்றனர். ஆகவே போக்குவரத்தும் நாள்கூலி இழப்பும் இங்கு சிகிச்சைச் செலவின் பகுதிகளே. ஐந்தருவி, குற்றாலம் பகுதிகளில் கடை, விடுதி, வாகனத் தொழிலை நம்பியிருப்போரின் வருமானம் சாரலோடு ஏறி இறங்குவது. ஜூலையில் எடுக்கும் கணக்கெடுப்பும் பிப்ரவரியில் எடுப்பதும் ஒரே குடும்பத்தை இருவேறு குடும்பங்களாகக் காட்டிவிடும். வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்கள் இம்மாவட்டத்தில் மிகுதி. அவர்களுக்கு நல நிதி வழியாகத் தனி மருத்துவ வசதிகளும் உண்டு. ஒரே வீட்டில் இரண்டு மூன்று திட்டங்கள் இருந்தும் எதைப் பயன்படுத்துவது என்று தெரியாத நிலையையும் ஆய்வு பதிவு செய்ய வேண்டும். கேரள எல்லை அருகில் இருப்பதால் அங்குள்ள மருத்துவமனைகளை நாடுவோரும் உண்டு. அவர்களின் செலவு எந்த மாநிலத்தின் கணக்கிலும் விடுபடக் கூடாது.

நான்காவதாக, முடிவுகள் நல்லவையாயினும் அல்லவாயினும் வெளியிடப்பட வேண்டும். வெற்றியை மட்டும் வெளியிட்டால் அடுத்த மாவட்டம் அதே தவற்றை மீண்டும் செய்யும்.

கணக்கெடுப்பாளர் உங்கள் வீட்டுக்கு வந்தால்

அவரது அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். எந்த நிறுவனம், எந்த நோக்கம், விவரங்களை யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். பங்கேற்பது உங்கள் விருப்பம். இரத்த மாதிரி எடுப்பதாயின் உங்கள் ஒப்புதல் கட்டாயம் பெறப்பட வேண்டும். மறுத்தாலும் உங்கள் சிகிச்சையோ காப்பீடோ பாதிக்கப்படக் கூடாது. வங்கிக் கணக்கின் இரகசிய எண்ணோ கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லோ எந்தச் சுகாதாரக் கணக்கெடுப்புக்கும் தேவையில்லை. அவற்றைக் கேட்பவரிடம் எதையும் சொல்லாதீர்கள்.

பங்கேற்க முடிவு செய்தால் உள்ளதை உள்ளபடியே கூறுங்கள். மாத்திரையை இடையில் நிறுத்தியதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். வெளியில் வாங்கிய மருந்தின் செலவு, கடன் வாங்கியது, நகையை அடகு வைத்தது ஆகியவற்றை மறைக்க வேண்டாம். "எல்லாம் நன்றாகக் கிடைக்கிறது" என்று மரியாதைக்காகச் சொல்லப்படும் விடை, கிடைக்காத மருந்தைக் கிடைப்பதாகப் பதிவு செய்துவிடும். மருந்துச் சீட்டுகளையும் ரசீதுகளையும் ஒரு பையில் சேர்த்து வைத்திருப்பது ஆய்வுக்கும் உதவும். அடுத்த முறை உங்களைப் பார்க்கும் மருத்துவருக்கும் உதவும்.

இன்றே நீங்கள் செய்யக்கூடியவை

சீர்திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் குடும்பம் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் பதிவாகியுள்ளதா என்று உடல்நலம் நன்றாக இருக்கும்போதே உறுதிசெய்துகொள்ளுங்கள். இல்லையெனில் குடும்ப அட்டை, ஆதார், வருவாய்த் துறையினரிடம் பெற்ற வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தை அணுகுங்கள். பருவகால வருமானம் உள்ளவர்கள், சாரல் மாதங்களின் வருமானத்தை மட்டும் வைத்துத் தங்களுக்குத் தகுதியில்லை என்று முடிவு செய்துவிட வேண்டாம். கணக்கில் கொள்ளப்படுவது ஆண்டு முழுவதற்குமான வருமானம்.

திட்டமிட்ட அறுவை சிகிச்சை என்றால், சேரும் முன்பே அந்த மருத்துவமனை பட்டியலில் உள்ளதா, குறிப்பிட்ட சிகிச்சை அடங்குமா என்று 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டறியுங்கள். காப்பீட்டில் அனுமதிக்கப்பட்ட சிகிச்சைக்கு மருத்துவமனை தனியாகப் பணம் கேட்டால், அதே எண்ணில் முறையிடலாம். எழுத்துப்பூர்வ ரசீதையும் கேளுங்கள். சாலை விபத்தில் காயமுற்றவர்களுக்கு 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், வருமான வரம்பு ஏதுமின்றிப் பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை உண்டு. மலைச்சாலைகளில் வாகனம் மிகும் சாரல் காலத்தில் இதனை நினைவிற் கொள்ளுங்கள்.

இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருப்பவர்கள், உங்கள் பகுதிச் செவிலியரிடம் 'மக்களைத் தேடி மருத்துவம்' பதிவேட்டில் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே தெரிவியுங்கள். மாதம் ஒருமுறையேனும் அளவைப் பார்த்து எழுதி வையுங்கள். உடனிருந்து கவனிப்பவர் இந்தப் பொறுப்பை ஏற்றால் மிகவும் நன்று.

ஏழு விழுக்காடாக இருந்த இரத்த அழுத்தக் கட்டுப்பாடு பதினேழானது என்பதன் பொருள், முன்பு கட்டுப்பாட்டில் இல்லாத, நூற்றுக்குப் பத்துப் பேரளவிலான நோயாளிகளுக்குப் பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகப் பழுது ஆகியவற்றின் இடர் குறைந்திருக்கிறது என்பதாகும். மீதமுள்ள 83 பேரை எவ்வாறு சென்றடைவது என்பதே அடுத்த ஆய்வுகளும் முன்னோடித் திட்டங்களும் விடைகாண வேண்டிய கேள்வி. நீங்கள் அளிக்கும் நேர்மையான விடைகளும், தவறாமல் உட்கொள்ளும் மாத்திரையும் அந்த விடையின் பகுதிகள்.